ஞானத்தாய்க்கு வேலை கொலுசு வாங்குவது மட்டும்தானா?

எங்கள் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்களில், பிள்ளை விசுவாசத்தில் வளரத் துணை நிற்க வேண்டிய ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்றால் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அன்று குழந்தையை ஏந்திக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள், கொலுசு போடுவார்கள், புதுநன்மைக்கு (பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு) ஒரு உடுப்பு எடுத்துக் கொடுப்பார்கள், அதோடு சரி. யாரைக் கூப்பிடுவது என்பதிலும் பக்தியைவிட உறவுக் கணக்குதான் முந்தும். மூத்ததுக்கு அப்பா வழி, இளையதுக்கு அம்மா வழி, துபாயில் இருக்கிற மாமாவை விட்டுவிட்டால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார் என்று வேறு. நம்ம ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் சிசிலித் தீவில், கத்தானியா மறைமாவட்டத்தில் (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி), இது வெறும் சம்பிரதாயமாகப் போய்விட்டது என்று சொல்லி 2021இல் மூன்று வருடத்துக்கு ஞானப்பெற்றோரே வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள்.

திருச்சபைச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 16 வயது முடிந்திருக்க வேண்டும், கத்தோலிக்கராக, உறுதிபூசுதல் (திருமுழுக்கில் ஏற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றவராக இருக்க வேண்டும், அந்த விசுவாசத்துக்கு ஏற்றபடி வாழ வேண்டும், அப்புறம் பிள்ளையைப் பெற்றவர்களே ஞானப்பெற்றோராக நிற்கக் கூடாது. முன்பெல்லாம் இன்னும் கடுமை. 1983இல் புதுச் சட்டத் தொகுப்பு வரும்வரை ஞானப்பிள்ளையைக் கல்யாணம் செய்வதற்கே தடை இருந்தது, அந்த அளவுக்கு இதை ரத்த உறவு மாதிரி பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பெற்றவர்கள் நிற்கக் கூடாது என்கிற நிபந்தனைதான். அம்மாவிடம் கேட்டால் திட்டு விழும் என்று பிள்ளை நினைக்கிற கேள்விகளைக் கொண்டுபோய்க் கேட்க, வீட்டுக்கு வெளியே ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

அக்கா மகளுக்கு நான் ஞானத்தாய். போன லீவுக்கு வந்திருந்தபோது, மடித்த துணியை அடுக்கிக் கொடுத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். “சித்தி, அம்மாட்ட சொல்லாதீங்க. என் பக்கத்து சீட்டு பிரெண்டு பிள்ளையார்தான் கும்பிடுவா. அவ மோட்சத்துக்கு வர மாட்டாளா?” மறைக்கல்வி வகுப்பில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், இவள் அதைப் பல நாள் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். பெரியவர்களுக்கு வாய் தவறி வருகிற ஒரு வரி, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

நான் சொன்னது இதுதான்: இயேசுவைத் தெரியாதது அவர்கள் குற்றம் இல்லை, நேர்மையான மனசோடு கடவுளைத் தேடுகிறவர்களுக்கும் மீட்பு கிடைக்க முடியும் என்று நம்ம திருச்சபையே சொல்லியிருக்கிறது. உலகமெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னது அது, அடுத்த வருடமே மற்ற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருக்கிற எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றும் எழுதி வைத்தார்கள். அறுபது வருடம் ஆகியும் இது பல வகுப்பறைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். அவளிடம் வருடக் கணக்கெல்லாம் சொல்லவில்லை, “உன் பிரெண்டையும் அவர்தானே படைச்சார், அவளை அவர் பார்த்துக்குவார்” என்றேன்.

முகம் தெளிந்தது. உடனே அடுத்த கேள்வி. “அப்போ நான் மட்டும் எதுக்கு சித்தி ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிக்கணும்?”

இதற்கு ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்கிற பதில்தான் நம் எல்லார் வீட்டிலும் ரெடியாக இருக்கும். எனக்கு அது ஆகாது. பயத்தில் பூசைக்கு வருகிற பிள்ளை பயம் தெளிந்ததும் நின்றுவிடும், அதுகூடப் பரவாயில்லை, நின்ற பிறகு கடவுள் பேரைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் ஏன் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். தாத்தா செத்தபோது அந்தக் கோயில் சனம்தான் எங்களைச் சாப்பிட வைத்தது, அங்கே போய் உட்கார்ந்தால் மனசு அடங்குகிறது, சில வாரம் அடங்காமலும் போகும், அப்போதும் போவேன் என்றேன். அவளுக்கு அது பத்தவில்லை. போர் அடிக்கிறதே என்றாள். எனக்கும் சில பிரசங்கங்கள் போர்தான் என்றதும் சிரித்துவிட்டாள்.

திருமுழுக்கில் “சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?”, “விசுவசிக்கிறீர்களா?” என்று சாமியார் கேட்டபோது அக்காவும் மச்சானும் நானும் சேர்ந்து பதில் சொன்னோம். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். உறுதிபூசுதலில் அவளே வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்கும் ஞானத்தாயே கூட நிற்பது நல்லது என்பார்கள், அக்கா இப்போதே என்னைக் கேட்டும்விட்டாள். தாராளமாக நிற்கிறேன், ஆனால் அவளாக வேண்டும் என்று சொல்லட்டும், வயசு வந்துவிட்டது என்பதற்காக வரிசையில் நிறுத்தாதே என்றேன். அக்காவுக்குக் கோபம். “நீ ஞானத்தாயா, வக்கீலா?” என்று கேட்டாள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.