திருநீற்றுப் புதன் முதல் புதுநன்மை வரை: ஒரு கடற்கரைப் பள்ளியின் நாட்குறிப்பு

2025 மார்ச் 5, திருநீற்றுப் புதன்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் இன்று தொடங்குகிறது. காலைத் திருப்பலி (பூசை) முடிந்ததும் பிள்ளைகள் நெற்றியில் சாம்பலோடு நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். காலை உணவு வரிசையில் நான்காம் வகுப்பைச் சேர்ந்த மூன்று பேர் மட்டும் தட்டை எடுக்காமல் ஒதுங்கி நின்றார்கள். கேட்டதற்கு, "இன்றைக்கு ஒருசந்தி, டீச்சர்" என்றார்கள். ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு என்பது, பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்குத்தான், இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் பதினான்கு வயது நிறைந்த பிறகுதான், உங்களுக்கு இரண்டுமே கட்டாயமில்லை என்று விளக்கிச் சொல்லி, என் கண் முன்னாலேயே பொங்கலும் சாம்பாரும் சாப்பிட வைத்தேன்.

எங்களைப் போன்ற கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்றுதான் வந்தது. அதற்கு முன்பெல்லாம், விடியுமுன்னே மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடும் தாய்மார்களின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து முதல் பாடவேளையிலேயே சோர்ந்து சாய்வார்கள். பசித்திருக்கும் பிள்ளையிடம் நோன்பின் மகிமையைப் பேச எனக்கு வாய் வராது. இப்போது பேச முடிகிறது.

இந்த ஆண்டு ரம்ஜான் நோன்பும் தவக்காலமும் சேர்ந்தே வந்திருக்கின்றன. மூன்றாம் வகுப்பில் படிக்கும் முஸ்லிம் சிறுமி தன் வீட்டில் அண்ணன் நோன்பு பிடிப்பதைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். எங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்: "தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாரா?"

மார்ச் 14, வெள்ளி

மாலையில் சிலுவைப் பாதை, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நினைத்துச் செபிக்கும் வழிபாடு. பதினான்கு தலங்களுக்கும் செபங்களை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே வாசித்தார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பையனின் அப்பா நேற்று வந்து, மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாட) வகுப்பில் அவனும் உட்கார வேண்டுமா என்று கொஞ்சம் தயங்கியபடி கேட்டார். அவர்கள் இந்துக் குடும்பம். அரசின் உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயக் கல்வியில் பங்கேற்கச் சொல்லக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது. அதே நேரத்தில் நடக்கும் நன்னெறி வகுப்பில் அவன் இருப்பான் என்றேன். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். வற்புறுத்திச் சொல்ல வைக்கும் செபத்தைக் கடவுள் என்ன செய்வார்?

மார்ச் 21, வெள்ளி

பிடி அரிசி. தவக்கால வெள்ளிதோறும் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவந்து தலைமையாசிரியை சிஸ்டரின் அறை வாசலில் இருக்கும் டிரம்மில் போடுவார்கள். இன்று நானும் டிரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரேஷன் புழுங்கல், பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாம் கலந்து விழுகின்றன. சிலர் பாலிதீன் பையில், சிலர் கைக்குட்டையில் முடிந்து. ஒரு பொடியன் கால்சட்டைப் பைக்குள் அப்படியே கொட்டிக்கொண்டு வந்திருந்தான்; பையை வெளியே இழுத்து உதறியபோது அரிசியோடு இரண்டு சோழியும் ஒரு ரப்பர் வளையமும் விழுந்தன. சோழியை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடினான்.

நன்னெறி வகுப்புப் பிள்ளைகளும் கொண்டுவருகிறார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே.

கலந்த அரிசி சோறாக வேகாது, ஒன்று குழையும், ஒன்று நறுக்கரிசியாய் நிற்கும் என்பது சத்துணவு அக்காவின் கருத்து. ஆகவே கஞ்சிக்குத்தான். மகன்கள் கவனிக்காத முதிய பெண்கள் சிலர் ஊரில் இருக்கிறார்கள். அந்தந்த அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பெண்கள் வாரம் ஒருமுறை கஞ்சி காய்ச்சித் துவையலோடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பிள்ளைகளும் உடன் போக வேண்டும் என்பது நான் பிடிவாதமாக வைத்திருக்கும் விதி. அரிசி போட்டவன் அதைக் குடிப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

இந்தக் கடற்கரைக்கு 1542இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கிக்கொண்டார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், பள்ளியில் கற்றதை அன்றன்றே தாய் தந்தைக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளிடம் ஒப்படைத்ததையும், நோயாளிகளின் வீடுகளுக்குத் தமக்குப் பதிலாகச் சிறுவர்களைச் செபிக்க அனுப்பியதையும் குறிப்பிடுகிறார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகைக்குப் போகும் பெரியவர்கள் பலருக்கு இந்தச் செய்தி தெரியாது. இன்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

நான் மறைக்கல்விக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடமும் அதுதான். நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டாம், வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வா. திங்கட்கிழமை கேட்பேன்: யாருக்குச் சொன்னாய், அவர் என்ன சொன்னார்? வகுப்பில் பிழையில்லாமல் ஒப்புவிக்கிற பிள்ளை வீட்டில் வாயே திறக்காமல் இருந்தால், பாடம் பாதி வழியில் நின்றுவிட்டது என்றே பொருள். மனப்பாடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மனத்தில் இருந்தால்தானே இருட்டில், புயலில், மருத்துவமனை வாசலில் நாக்குக்கு வரும். ஆனால் அது யாருக்காவது போய்ச் சேர வேண்டும்.

ஒரு பையன் சொன்ன பதில்: "அப்பாவுக்குச் சொன்னேன். தூங்கிவிட்டார். மறுபடியும் சொல்வேன்." கடலிலிருந்து வந்தவர் தூங்காமல் என்ன செய்வார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

விசைப்படகுகளுக்கு நேற்று முன்தினம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருக்கிறது. ஜூன் 14 வரை, 61 நாட்கள். அதனால் கோயிலில் ஆண்கள் கூட்டம் அதிகம். பாதம் கழுவும் சடங்குக்குப் பங்குச் சாமி பன்னிரண்டு பேரில் நான்கு சிறுமிகளையும் சேர்த்திருந்தார். பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016 ஜனவரியிலேயே திருத்தந்தை பிரான்சிஸ் வழி திறந்துவிட்டார். கரையில் மண்ணில் ஓடியாடிக் காய்த்துப்போன பாதங்கள். சாமி குனிந்து முத்தமிட்டபோது கடைசிச் சிறுமி கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள்; அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

ஏப்ரல் 23, புதன்

திங்கட்கிழமை மதியம் செய்தி வந்தது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாளே திருத்தந்தை பிரான்சிஸ் போய்விட்டார். துக்கமணி அடித்ததும் பிள்ளைகள் கொடிமரத்தடிக்கு ஓடிவந்தார்கள். விடுமுறை என்றாலும் யாரும் அழைக்காமலே செபமாலை தொடங்கிவிட்டது. அவர்கள் பிறந்தது முதல் அறிந்த ஒரே திருத்தந்தை.

இன்று காலை பூசை முடிந்ததும் பீடச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். "நற்கருணை மன்றாட்டில் சாமி பாப்பரசரின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார், டீச்சர்." பூசையின் நடுவே சொல்லும் அந்த மன்றாட்டில் திருத்தந்தையின் பெயரைச் சொல்லி வேண்டுவது வழக்கம்; புதியவர் வரும்வரை அந்த இடத்தில் பெயர் வராது என்றேன். பத்து வயதுப் பையன் பூசையின் நடுவில் ஒரு பெயர் இல்லாததைக் கவனித்திருக்கிறான். பெரியவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ!

மே 3, சனி

புதுநன்மை வகுப்பு, அதாவது முதன்முதலாக நற்கருணை (பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்கப்போகும் பிள்ளைகளுக்கான வகுப்பு. அதற்கு முன் சாமியிடம் பாவங்களை அறிக்கையிடும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம். 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், புத்தி விவரம் தெரியும் வயது, அதாவது ஏறக்குறைய ஏழு வயது, போதும் என்று அறிவித்தார். எங்கள் பக்கத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை காத்திருப்பது வழக்கம். பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்கும்போது ஏழு வயதே சரியோ என்று எனக்குத் தோன்றுகிறது.

"எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?" என்றான் ஒருவன். கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட வேண்டும், மனம் வருந்துவதில் அதுவும் அடங்கும் என்றேன். யார், எதை என்று நான் கேட்கவில்லை. இடைவேளையில் அவன் இன்னொரு பையனின் முன்னால் போய் நின்று, வலை பின்னும் ஊசி ஒன்றை நீட்டினான். வாங்கியவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள்.

மே 9, வெள்ளி

நேற்று புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டார். காலைப் பூசையில் "எங்கள் திருத்தந்தை லியோ" என்று சாமி சொன்னதும் பீடச் சிறுவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

மே 18, ஞாயிறு

புதுநன்மை. ஆடைகளைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். வெள்ளைக் கவுனுக்கும் கோட்டுக்கும் வட்டிக்குக் கடன் வாங்கும் பழக்கம் என்னை வெகுநாளாக வருத்தியிருக்கிறது. தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோன விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் ஒரு நாள் உடுப்புக்குக் கடனா? இந்த முறை அன்பியப் பெண்கள் ஒரே வகை வெள்ளைப் பருத்தித் துணியை மொத்தமாக எடுத்து, ஊரில் தையல் மிஷின் உள்ள வீடுகளில் பகிர்ந்து தைத்தார்கள். முணுமுணுப்பு இருந்தது. "எங்கள் பிள்ளைக்கு வசதி இருக்கிறது, நாங்கள் ஏன் இதைப் போட வேண்டும்?" என்ற வீட்டுக்கு சிஸ்டரே நேரில் போய்ப் பேசினார்; பலன் கிடைத்தது. கோயிலில் வரிசையாக நின்றபோது யார் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை என்று எனக்கே தெரியவில்லை.

மெழுகுவர்த்தி பிடித்து நின்ற பெற்றோரில் பலர் என்னிடம் படித்தவர்கள். தூங்கிவிட்ட அப்பாவும் வந்திருந்தார். நம்பிக்கையை அறிக்கையிடும் செபமான விசுவாசப் பிரமாணத்தை மகனுக்கு ஈடாக உரத்த குரலில் சொன்னார்.

ஜூன் 6, முதல் வெள்ளி

பள்ளி திறந்து முதல் வாரம். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பங்குச் சாமியுடன் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளில் நான்கு பேரை அனுப்ப அவரிடம் கேட்டிருந்தேன், ஒப்புக்கொண்டார். முதல் வீடு, பிடி அரிசிக் கஞ்சி போகும் பாட்டியின் வீடு. பாட்டிக்குக் காது மந்தம். பிள்ளைகள் தெருவுக்கே கேட்கும்படி "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கினார்கள். பாட்டி கையை உயர்த்தி நிறுத்தி, நிதானமாகச் சொல்லுங்கள், கடவுள் எங்கேயும் ஓடிப்போக மாட்டார் என்றார். மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொரு வரியாக, அவரோடு சேர்ந்து சொல்லி முடித்தார்கள்.

அடுத்த முதல் வெள்ளிக்கு யார் போவது என்று இப்போதே வகுப்பில் தகராறு. பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டேன். நன்னெறி வகுப்புச் சிறுமி ஒருத்தி, செபம் சொல்லாவிட்டாலும் பாட்டியைப் பார்க்கத் தானும் வரலாமா என்று கேட்டிருக்கிறாள். நாளை அவள் அம்மாவிடம் பேச வேண்டும்.