பெரியப்பா கை வைத்த துஜா

சித்திரைத் திருவிழாவுக்கு வந்த பெரியப்பா, கள்ளழகர் தன் மலைக்குத் திரும்பிய மறுநாள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினார். ஏறுவதற்கு முன் எங்கள் வாசலில் வலப்பக்கம் நின்ற துஜா என்ற அழகுச் செடியின் தலையை எடுத்துவிட்டார்.

பெரியப்பாவின் கையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருக்கும் எதையும் சும்மா இருக்க விடாத கை. போன முறை தண்ணீர் மோட்டார். அதற்கு முந்தைய முறை என் மாமனாரின் மூக்குக்கண்ணாடி. அதனால் இந்தத் தடவை அவர் வருகிறார் என்றதும் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டோம். மண்ணில் வேர் விட்டு நிற்பதை எங்கே ஏற்றுவது?

வாசலுக்கு இருபுறமும் வைத்த இரண்டு துஜாவும் அழகர்கோவில் சாலையில் ஒரு நர்சரியில் வாங்கியவை. "குட்டை ரகம் சார், இடுப்புக்கு மேல் வளராது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித் தலையில் கட்டினார்கள். இப்போது என் தோளைத் தொடுகின்றன. துஜா, பைன் போலக் கூம்புக்காய் விடும் கூம்புத்தாவர வகை. அமெரிக்கக் கூம்புத்தாவரச் சங்கத்தின் அளவுகோலில், வருடத்துக்கு 1 முதல் 6 அங்குலம் வரை வளர்வதெல்லாம் குட்டை ரகத்தில் சேர்த்திதான். மெதுவாக வளரும் என்று பொருளே தவிர, வளராமல் நின்றுவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பத்து வருடத்தில் ஐந்தடி உயர்ந்தாலும் குட்டைதான். அந்தக் கணக்கில் பார்த்தால் என் மகனும் குட்டை ரகம்.

மதுரை வெயிலில் இதைப் பச்சையாக வைத்திருப்பது தனி உத்தியோகம். சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட இனம் என்பதால் மற்ற கூம்புத்தாவரங்களைவிடச் சூட்டைத் தாங்கும். தாங்காதது செஞ்சிலந்தி என்ற சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சியை. வறட்சியும் தெருப்புழுதியும் சேர்ந்தால் அது பெருகிவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் கிளையைத் தட்ட வேண்டும். விழும் புள்ளிகள் நகர்ந்தால் செஞ்சிலந்தி, நகராவிட்டால் தூசி. நான் மகனின் கணக்கு நோட்டில் தட்டிப் பார்ப்பது வழக்கம். நகர்ந்தால் விடியற்காலையில் இலைகளின் உள்பக்கமெல்லாம் படும்படி குழாயில் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பேன். லாரித் தண்ணீரில் செடிக்குக் குளியல் நடப்பதை எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதில் செஞ்சிலந்தியே செத்திருக்க வேண்டும். போதாக்குறைக்குத் தெருநாய். காலைத் தூக்க அதற்கு எங்கள் துஜாவை விட்டால் ஊரில் வேறு இடமில்லை. அது நனைத்த பக்கம் பழுத்துக் கருகிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வந்த அன்று மாலையே பெரியப்பா துஜாவைக் கையால் விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே பழுப்பு. வெளிச்சம் புகாத உள்பகுதியில் பழைய இலைகள் காய்ந்து உதிர்வது அந்த மரத்தின் இயல்பு. காற்றோட்டத்துக்காக அவ்வப்போது கையால் உலுக்கி உதிர்த்துவிட்டால் போதும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்: "உள்ளே செத்துவிட்டது தம்பி. ஒரு வெட்டு வெட்டினால் தழைத்துவிடும்."

அவர் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி மண்ணில் ஆயுள் முழுக்கச் செடிகொடியைப் பார்த்தவர். முருங்கையை மொட்டையடித்தால் குடை பிடித்துக்கொண்டு வரும். மருதாணி, அரளி, கறிவேப்பிலை எதை வெட்டினாலும் முன்னைவிட வீம்பாக வரும். வெட்டுப்பட்டும் கோபித்துக்கொண்டு பேசாமல் நிற்கும் செடியை அவர் கண்டதில்லை. துஜா அந்த ஜாதி. பச்சை இருக்கும் பகுதிக்குள் நுனியை மட்டும் கிள்ளலாம். பச்சையே இல்லாத பழுப்புக் கட்டைவரை வெட்டிவிட்டால் அந்த இடத்தில் மறுபடி துளிராது.

"பனைக்குத் தலையை எடுத்தால் தழைக்குமா மாமா?" என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவில்லை.

"அது பனை. இது செடி" என்றார் பெரியப்பா. வழக்கு முடிந்தது.

இதற்கு நடுவில் எனக்குக் கனடாவில் நடந்த ஒரு கதை நினைவுக்கு வருகிறது. 1904ல் அமெரிக்காவின் ஆர்னால்டு தாவரப் பூங்காவைச் சேர்ந்த ரேடர், ஜாக் என்ற இருவர் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் ரயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் சும்மா நடந்து போய், ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் குள்ள ரகம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இன்று உலகமெங்கும் தோட்டங்களில் கூம்பாக நிற்கும் 'கோனிகா' அதுதான். நாமும்தான் மதுரைச் சந்திப்பில் காத்திருக்கிறோம், கொசுக்கடிதான் மிச்சம். அந்தக் கோனிகாவில் திடீரென்று ஒரு கிளை பூர்வீகக் குணம் திரும்பி, காட்டு மரத்தின் வேகத்தில் கிளம்பிவிடுமாம். விட்டுவைத்தால் செடியையே விழுங்கிவிடும் என்பதால் அதை அடியோடு வெட்டியாக வேண்டும். பெரியப்பாவை அனுப்ப வேண்டிய இடம் அது.

அவரோ இங்கே இருந்தார். நான் பூ வாங்கப் போன நேரத்தில் தெருமுனை இளநீர்க்காரரிடம் அரிவாளை இரவல் வாங்கி, இரண்டே வீச்சு. திரும்பி வந்தபோது துஜாவின் மேல்பாதி குப்பைத்தொட்டியில் இருந்தது. கீழ்ப்பாதி மேடைபோட்டதுபோல் தட்டையாக நின்றது. மறுநாள் பால்காரர் பாக்கெட்டுகளை அதன் மேல் வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் அதுதான் இடம்.

ஊருக்குப் போனதிலிருந்து சாயங்காலமானால் பெரியப்பாவின் போன். "துளிர்த்துவிட்டதா?" எத்தனை நாள்தான் இல்லை என்பது? ஒருநாள் மனைவி, "வருகிற மாதிரி இருக்கிறது மாமா" என்றாள். உடனே போட்டோ கேட்டார். என் மகன் யோசிக்கவே இல்லை. இடப்பக்கத்துத் துஜாவை நெருக்கத்தில் பளிச்சென்று எடுத்து அனுப்பிவிட்டான். பெரியப்பா அதைக் குடும்பக் குழுவில் போட்டார். தேனிச் சித்தி கும்பிடும் கைகளை வரிசையாக வைத்தார். திருமங்கலத்து அத்தை, "எங்கள் சப்போட்டா காய்க்க மாட்டேன் என்கிறது அண்ணா, ஒரு நடை வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பெரியம்மா போன பிறகு பெரியப்பா தானாக யாருக்கும் போன் செய்ததே இல்லை. நாம் கூப்பிட்டாலும் "ம்", "சரி", "வைக்கட்டுமா" இவ்வளவுதான். இப்போது துஜாவில் ஆரம்பித்து மழை, ஆட்டுக்குட்டி, முழங்கால் வலி என்று அரைமணி நேரம் பேசுகிறார். இதில் நான் போய்ச் செடி செத்த கதையைச் சொல்லவா?

நேற்றைய போனில்தான் விஷயம் முற்றியது. வைகாசி முகூர்த்தத்துக்கு வருகிறாராம். "இடப்பக்கத்துச் செடியையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் வாசலுக்கு லட்சணம்."

இன்று காலை இளநீர்க்காரரைப் பார்த்து, யார் கேட்டாலும் அரிவாள் சாணைக்குப் போயிருக்கிறது என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். பெரியப்பா அவருக்கும் போன் செய்துவிட்டாராம். அந்த அரிவாள் மொண்ணையாம். இந்த முறை ஊரிலிருந்து சொந்த அரிவாளையே கொண்டுவருகிறாராம்.