ஃபோர்க் சீல் மாற்றும் முன் பைப்பைத் தடவிப் பாருங்கள்

முன் ஷாக்கில், அதாவது ஃபோர்க்கில், ஆயில் கசிந்தால் "சீல் போயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சீல் ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை அடித்து இறக்கினால், அதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. சீலின் ரப்பர் உதட்டைக் கிழித்த குரோம் பைப் அப்படியேதான் இருக்கிறது. வீட்டிலேயே இந்த வேலையைச் செய்வதில் பெரிய லாபம் இதுதான்: பைப்பை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும்.

இங்கே சொல்வது 100 முதல் 160 சிசி வரையுள்ள பைக்குகளில் வரும் சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைப் பற்றி. மேலே குரோம் பூசிய இரும்பு பைப், கீழே அந்தப் பைப் ஏறி இறங்கும் அலுமினிய வெளிக்குழாய் (அவுட்டர்), உள்ளே ஒரு ஸ்பிரிங், துள்ளலை அடக்கும் ஒரு டேம்பர் ராடு. தலைகீழ் ஃபோர்க், கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது.

புது சீலைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். ரப்பருக்குள் ஓர் இரும்பு வளையம் புதைந்திருக்கும். உள்விளிம்பில் மெல்லிய உதடு. அந்த உதட்டின் முதுகில், பேனா ஸ்பிரிங்கை விடவும் மெல்லிய ஒரு சுருள் வட்டமாக ஓடும். அந்தச் சுருள்தான் உதட்டை பைப்போடு அணைத்துப் பிடிக்கிறது. ஆயிலைத் தடுப்பது நூல் அகலமுள்ள அந்த உதடு மட்டுமே. பைப்பில் ஊசிமுனை அளவுக்குத் துரு குழிந்திருந்தால் போதும், ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் குழியின் விளிம்பு அரம் மாதிரி உதட்டை அராவிக்கொண்டே இருக்கும்.

அதனால் எதையும் கழற்றும் முன் பைப்பைத் துடைத்துவிட்டு, சீலுக்கு மேலே உள்ள ஒரு சாண் நீளத்தை நகத்தால் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே குழி இருக்கிறது. நகத்துக்குச் சிக்காததைப் பஞ்சு காட்டிக்கொடுக்கும்; பஞ்சை அழுத்தி உருட்டினால் இழை மாட்டும். பைப்பின் முன்பக்கத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள், சரளைக்கல் அடிபடுவது அங்கேதான். கடலோர ஊர்களில் வெளியே நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று குரோமை வேகமாகத் தின்னும்.

குழி எதுவும் இல்லை, கசிவும் புதிதாக வந்ததுதான் என்றால், உதட்டுக்கு அடியில் மணல் சிக்கியிருக்கலாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, ஒரு முனையில் சிறு கொக்கி போல் செதுக்குங்கள். ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை மேலே தள்ளிவிட்டு, ஃபிலிமை ஆயில் சீலுக்கும் பைப்புக்கும் நடுவே நுழைத்து, பைப்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் ஓட்டி, மேலே இழுங்கள். கருப்புச் சேறு வெளியே வரும். பத்துத் தடவை ஃபோர்க்கை அமுக்கித் துடைத்துப் பாருங்கள். கசிவு நின்றால் சீல் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். நிற்காவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

வாங்க வேண்டியவை: ஆயில் சீல் இரண்டு, டஸ்ட் சீல் இரண்டு, அடிப் போல்ட்டுக்கு காப்பர் வாஷர் இரண்டு, ஃபோர்க் ஆயில். ஒரு பக்கம்தான் கசிகிறது என்று ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு சீலுக்கும் ஒரே வயது. தவிர, ஃபோர்க்கின் ஒரு காலில் புது ஆயிலும் மறுகாலில் பழைய ஆயிலும் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சீலின் முகத்தில் 31×43×10.3 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், உயரம், எல்லாம் மில்லிமீட்டரில். பழைய சீலில் இருப்பதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஆயில் விஷயத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். கையில் மீந்த 20டபிள்யூ40 என்ஜின் ஆயிலை ஊற்றுவது ரொம்ப சகஜம். ஃபோர்க்கின் டேம்பிங், அதாவது துள்ளலை அடக்குவது, ஆயில் சின்னத் துளைகள் வழியே நெருக்கிப் போவதால் வருவது. கெட்டியான ஆயில் அந்தத் துளைகளில் சட்டென்று போகாது; சிறு பள்ளத்துக்கெல்லாம் ஹேண்டில் கையை அடிக்கும். மேனுவலில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். இந்த வகை பைக்குகளில் பெரும்பாலும் 10 டபிள்யூ ஃபோர்க் ஆயில் ஒத்துப்போகும். அளவு மாடலைப் பொறுத்தது, ஒரு காலுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மில்லி. சரியான எண்ணையும் மேனுவலிலேயே பாருங்கள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். சைலன்சரில் எடை தாங்கக் கூடாது. ஃபோர்க்கை வெளியே எடுக்கும் முன்பே, அதாவது ஃபோர்க்கை வண்டியோடு இணைக்கும் கிளாம்ப் பைப்பைப் பிடித்திருக்கும்போதே, இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு பைப்பின் மேல்முனையில் இருக்கும் டாப் போல்ட்டை அரைத் திருகு தளர்த்துங்கள். பிறகு சக்கரத்தையும் மட்கார்டையும் எடுத்துவிட்டு, அவுட்டரின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைக் கொஞ்சம் அசைத்து வையுங்கள். இதை விட்டுவிட்டு ஃபோர்க்கைத் தனியாகக் கையில் எடுத்தால் பிடித்துக்கொள்ள இடமிருக்காது. பைப் மேல் கிளாம்ப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் பிரேக் இருந்தால் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கம்பியில் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. பேடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி, பிரேக் லீவரைத் தொடாமல் இருங்கள். ஆயில் ஊறிய பேடைத் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

கீழ் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஃபோர்க்கைத் திருகியபடி கீழே இழுத்தால் வந்துவிடும். டாப் போல்ட்டின் கடைசித் திருகுகளில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துத் திறங்கள், ஸ்பிரிங் தள்ளும். சில மாடல்களில் போல்ட்டுக்குப் பதில் ஒரு மூடியும் கம்பி வளையமும் இருக்கும். மூடியை அமுக்கிக்கொண்டு வளையத்தை நெம்ப வேண்டும். ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆயிலைக் கவிழ்த்து, பத்துத் தடவை அமுக்கி வடியுங்கள்.

அடிப் போல்ட்தான் பலரையும் திணறடிப்பது. அதைத் திருகும்போது உள்ளே டேம்பர் ராடும் சேர்ந்து சுற்றும். ஸ்பிரிங்கையும் டாப் போல்ட்டையும் மறுபடி போட்டு, ஃபோர்க்கைத் தலைகீழாகத் தரையில் ஊன்றி உடம்பால் அமுக்கிக்கொண்டே ஆலன் கீயைச் சட்டென்று வெட்டித் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும். வராவிட்டால், ஸ்பிரிங்கை மறுபடி எடுத்துவிட்டு, ஒரு துடைப்பக் கட்டையின் முனையைக் கூம்பாகச் சீவி, மேலிருந்து இறக்கி டேம்பர் ராடின் தலையில் அடித்து இறுக்குங்கள், ராடு நின்றுவிடும். ஆலன் கீ முழு ஆழத்துக்கும் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழிக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் எடுக்காமல் திருப்பினால் போல்ட்டின் அறுகோணம் வழுக்கிவிடும், அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

பைப்பை உருவும்போது டேம்பர் ராடின் கீழ்முனையில் விரல் நீள அலுமினியத் துண்டு ஒன்று இருக்கும். அது அவுட்டருக்குள்ளேயே தங்கிவிடும், அல்லது பழைய ஆயிலோடு தட்டில் விழும். திரும்பப் போடாமல் விட்டால், பெரிய பள்ளத்தில் ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது உலோகத்தோடு உலோகம் இடிக்கும்.

டஸ்ட் சீலை எடுத்து, அதற்கடியில் இருக்கும் கம்பி வளையத்தை நெம்பி எடுங்கள். பழைய சீலை டயர் லீவரால் நெம்பும்போது அவுட்டரின் விளிம்பில் மடித்த துணி வையுங்கள். சீல் உட்காரும் அலுமினியச் சுவரில் கீறல் விழுந்தால் புது சீலின் வெளிப்பக்கமாகவே ஆயில் வரும். அசையாத சீலுக்கு, அவுட்டரின் மேல்பகுதியில் கொதிநீர் ஊற்றினால் அலுமினியம் விரிந்து பிடி விடும்.

இப்போது மறுபடியும் பைப். கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் அடியில் வெளிச்சக் கோடு வந்து வந்து போகும். வளைவுக்குப் பல மேனுவல்களில் எல்லை 0.2 மி.மீ. துருப்புள்ளி மேலோட்டமாக இருந்தால் 1000 எண் எமரி ஷீட்டை ஆயிலில் நனைத்து, பைப்பைச் சுற்றி குறுக்குவாட்டில் தேயுங்கள், பிறகு 1500. நீளவாட்டில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஆயில் ஏறும் வாய்க்காலாகிவிடும். சீல் ஓடும் இடத்தில் குழி ஆழமாக இருந்தாலோ குரோம் செதிலாக உரிந்திருந்தாலோ, பைப்பை மாற்றுவதுதான் வழி. அந்தப் பைப்பில் எந்தக் கம்பெனி சீலும் நிற்காது.

சீலைப் பைப்பின் மேல்முனை வழியாக நுழைக்கப் போகிறீர்கள் என்றால், முனையில் பாலித்தீன் கவரைச் சுற்றி ஃபோர்க் ஆயில் தடவுங்கள். அந்தக் கூர்விளிம்பில் உதடு ஒருமுறை உரசினாலே போச்சு. எழுத்துள்ள முகம் மேலே, சுருள் ஸ்பிரிங் தெரியும் முகம் கீழே ஆயிலைப் பார்த்து. அடித்து இறக்க பிவிசி பைப் போதும். 31 மி.மீ பைப்புக்கும் 43 மி.மீ சீலுக்கும் 40 மி.மீ பிவிசி சரியாக உட்காரும்: ஃபோர்க் பைப் உள்ளே போகும், விளிம்பு சீலின் இரும்பு வளையத்தின் மேல் நிற்கும். வெட்டிய முனையைச் சமமாகத் தேயுங்கள். பழைய சீலை நடுவில் வைத்து அடிப்பது இன்னும் நல்லது. மெதுவாக, நேராக. மந்தமாகக் கேட்ட சத்தம் திடீரென்று கெட்டியாக மாறும், அப்போது கம்பி வளையத்துக்கான பள்ளம் சுற்றிலும் முழுசாகத் தெரிகிறதா பாருங்கள். ஒரு பக்கம் மறைந்திருந்தால் சீல் சாய்ந்து நிற்கிறது, இன்னும் தட்ட வேண்டும்.

அடிப் போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர், உலர்ந்த மரையில் ஒரு சொட்டு திரெட் லாக் பசை. 8 மி.மீ போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும். இந்த வாஷர் கசிந்து ஆயில் அவுட்டரின் அடியில் சொட்டுவதைச் சீல் கசிவென்று நினைத்து, நல்ல சீலைப் பிடுங்குகிறவர்களும் உண்டு.

ஆயிலை ஊற்றி, பைப்பை மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும். உள்ளே பழைய ஆயில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று தெரியாததால், மில்லி கணக்கை விட உயரக் கணக்கையே நம்புங்கள்: ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை முழுக்க அமுக்கி, மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளக்க வேண்டும். மெடிக்கல் ஷாப் சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி, தேவையான ஆழத்தில் அடையாளமிட்டு இறக்கி உறிஞ்சினால், கூடுதலாக இருப்பது மட்டும் வந்துவிடும். இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். "கொஞ்சம் கூட இருந்தா நல்லது" என்று ஊற்றாதீர்கள். மேலே காற்றுக்கு இடம் குறைந்தால் அமுங்கும்போது அழுத்தம் ஏறி, புது சீலையே வெளியே தள்ளும்.

பூட்டும்போது, முன்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் பிளேட்டின் பள்ளம் ஃபோர்க் அவுட்டரில் நீட்டியிருக்கும் கட்டையில் கட்டாயம் உட்கார வேண்டும். உட்காராமல் விட்டால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சக்கரத்தோடு சுற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். கைவிட்டுத் தடவி உறுதி செய்யுங்கள். ஆக்ஸிலை மாட்டி வண்டியை இறக்கி, ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி, கால்கள் தாமாகவே நேரான பிறகு கடைசி இறுக்கு இறுக்குங்கள். டிஸ்க் வண்டியில் லீவர் கெட்டியாகும் வரை பம்ப் செய்யாமல் நகர்த்தாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு பைப்பில் மெல்லிய ஆயில் வளையம் தெரிந்தால் பதற வேண்டாம், அது பூட்டும்போது தடவியது. துடைத்துவிட்டு மறுநாளும் பாருங்கள். மறுபடி வளையம் வந்தால், அது பைப்பின் எந்தப் பக்கம் ஈரமாக இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரே பக்கம் என்றால் அந்தக் கோட்டில் ஒரு கீறலோ உதட்டில் ஒரு வெட்டோ இருக்கிறது. சுற்றிலும் என்றால் சீல் சாய்ந்திருக்கலாம், ஆயில் மட்டம் கூடியிருக்கலாம், அல்லது அவுட்டர் உள்ளே தேய்ந்து பைப் ஆடுகிறது. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது, டஸ்ட் சீல் விளிம்பில் விரல் வைத்தால் அந்த ஆட்டம் விரலுக்கே தெரியும்; அப்படியென்றால் மாற்ற வேண்டியது அவுட்டரை.