அம்மாவுக்கும் சிநேகிதிக்கும்: கன்னியாவும் கோணேசர் கோயிலும்

தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பூரணை. ஈழத்துச் சைவ வீடுகளில் இது ஊறிய வழக்கம். புற்றுநோயில் இழந்த தாயை நினைத்துத் திருகோணமலைக்கு வருபவர்கள் கன்னியா வெந்நீரூற்றுக்கு முதலில் போவது பொருத்தம். தாயின் இறுதிக்கடனுக்குத் தண்ணீர் வேண்டி இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்த, ஏழு ஊற்றும் பிறந்தன என்பது ஐதீகம்.

திவச நாளில் போவதென்றால் புறப்படுமுன் திதியைச் சரிபாருங்கள். புற்றுநோயோடு கிடந்தவர்கள் பலர் வீட்டிலிருந்து வெகுதூரத்தில், மஹரகம அல்லது தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையில் கண் மூடியிருப்பார்கள். நடுச்சாமம் தாண்டிய மரணமென்றால் அத்தாட்சிப் பத்திரத்தில் மறுநாள் திகதி விழும். திதி அப்படி நடுச்சாமத்தில் மாறாது. உயிர் பிரிந்த நேரத்துக்கு என்ன திதி, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்பதே கணக்கு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில மணி நேரம் முன்பின்னாகச் சொல்லும். அந்தியேட்டிக்கு எதைப் பார்த்தீர்களோ அதையே திவசத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கைபேசியில் வேறு நாட்டு நாட்காட்டியைப் பார்த்து ஒருநாள் பிந்துவது இப்போது அடிக்கடி நடக்கிறது.

கன்னியா, நகரிலிருந்து அநுராதபுர வீதியால் சுமார் எட்டுக் கிலோமீற்றர். பிரதான வீதியில் பஸ்ஸை விட்டால் உள்ளே நடக்கவேண்டும், முதியவர்கள் என்றால் ஓட்டோவே நல்லது. வாசலில் நுழைவுச்சீட்டு. பூரணை நாள் நாடு முழுவதும் விடுமுறை என்பதால் வெயில் ஏறும்போது சுற்றுலாக் கூட்டமும் ஏறிவிடும், விடியவே போய்விடுங்கள். கிணறுகள் சதுரமான, ஆழமில்லாத தொட்டிகள். உள்ளே இறங்குவதில்லை, வாளியால் அள்ளி வார்ப்பதுதான். ஏழிலும் சூடு ஒன்றல்ல. கையை விட்டுப் பார்த்து, குறைந்த சூட்டில் காலிலிருந்து தொடங்கி, தலைக்குக் கடைசியில் வாருங்கள். விரதத்தில் வெறும் வயிறு, அதற்குமேல் பிரஷர் குளிசை, அதற்குமேல் வெந்நீர்: தலை சுற்றி விழுவது இப்படித்தான்.

எள்ளு, பிண்டம், பூ எதையும் கிணற்றில் போடக்கூடாது. தேங்கி நிற்கும் தொட்டி அழுகிவிடும், பிறகு குளிக்க வருபவர் பாடு என்ன? அஸ்தி இருந்தால் அதற்குக் கடல் இருக்கிறது. கறுப்பு எள்ளு, தர்ப்பை, பச்சரிசி, தேன், நெய், வாழைப்பழம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். குருக்களையும் முன்கூட்டியே பேசி வையுங்கள், அன்று காலை தேடினால் கிடைக்கமாட்டார்.

பலர் தயங்குவது இங்கேதான்: போனவர் என் தாயல்ல, சிநேகிதி, நான் எள்ளுத் தண்ணீர் விடலாமா? விடலாம். மகாளயபட்சத் தர்ப்பணத்தில் காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வரிசை உண்டு. குருவுக்கும் நண்பருக்கும் அதில் இடம் இருக்கிறது. புரட்டாசி அமாவாசைக்கு முந்திய அந்தப் பதினைந்து நாளில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் தாய் தகப்பன் உயிரோடிருந்தால் மட்டும் தர்ப்பணம் வேண்டாம், மோட்ச அருச்சனை போதும். பிண்டம் பிள்ளையின் உரிமை. அதில் சிநேகிதர் கை வைப்பதில்லை.

வெந்நீரில் குளித்த பிறகு கோணேசர். முப்பத்தொராம் நாள் கழியாத வீட்டார் துடக்கோடு கோயிலுக்குள் போவதில்லை. பிரெட்றிக் கோட்டை வாசலைக் கடந்துதான் மேலே ஏறவேண்டும். வழியில் மான்கள் பையை மோப்பம் பிடித்து வரும். அருச்சனைத் தட்டுப் பழத்தை மூடிப் பிடியுங்கள், பொலித்தீனை வீசாதீர்கள். ஆண்கள் மேலாடையைக் கழற்றவேண்டும். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில் இது. 1950இல் கிணறு வெட்டிய இடத்தில் வெளிப்பட்ட விக்கிரகங்கள் இங்கே இருக்கின்றன. மாதுமை அம்மன் சந்நிதியில் நின்று, தேவாரத்துக்குச் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தில் ஒரு பாடல், பிறகு திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்று பாடினால் பஞ்சபுராணம் நிறைவுறும். நினைவு நாள் கல்வெட்டுப் புத்தகத்தின் முன்பக்கங்களிலேயே பெரும்பாலும் இவை இருக்கும்.

வீட்டுப் படையலுக்குச் சித்திரைக் கஞ்சி. ஒரு சுண்டு பச்சரிசிக்குக் கால் சுண்டு வறுத்த பயறு, எட்டுச் சுண்டு தண்ணீர். அரிசி நன்றாகக் குழைந்த பிறகே சர்க்கரை. முந்திப் போட்டால் பயறு வேகாமல் கடிபடும். தேங்காய் முதற்பாலை அடுப்பை அணைத்துவிட்டு விடுங்கள், கொதித்தால் திரிந்துபோகும். கடைசி மாதங்களில் வாய்ப்புண்ணால் போனவருக்கு விழுங்க முடியாமல் போன சாமான்களை, முறுக்கோ உறைப்புக் கறியோ, தயங்காமல் வையுங்கள். படத்துக்கும் அதே நியாயம்: தலைமயிர் கொட்டுமுன் எடுத்தது. நோயில் எடுத்த படத்தை மாலை போட்டு மாட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

தானம் என்றால் அவர் பாவித்த சக்கர நாற்காலி, நீர்மெத்தை, நடைச்சட்டம் ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். மிஞ்சிய மருந்தை இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது. மோர்பின் வில்லைகளைத் தந்த கிளினிக்கிலேயே ஒப்படையுங்கள். இரத்ததானமும் நல்லது, கீமோ எடுப்பவர்களுக்கு இரத்தமும் குருதிச் சிறுதட்டும் (பிளேட்லெட்) அடிக்கடி தேவைப்படும். வயது 18 முதல் 60, எடை 50 கிலோவுக்குக் குறையாமல், முந்தைய தானத்துக்குப் பின் நான்கு மாத இடைவெளி. விரத நாளில் போகவேண்டாம். அடுத்த கிழமை, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.