ஆர்ச் ஃபோல்டருக்கு வெளியே ஒளிந்திருந்த எக்ஸ்86

போன மாதம் மூன்று நாள் ஒரே ஒரு வரிக்காகப் போனது. அளவீடு எடுக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றுக்கு நான் எழுதிய டிரைவர், அதாவது லினக்ஸில் அந்தக் கார்டை இயக்கும் நிரல். நாலு வருஷமாக இன்டெல் பெட்டியில் (எக்ஸ்86 ரக ப்ராசஸர்) சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஆர்ம்64 என்ற வேறு ரக ப்ராசஸர் உள்ள போர்டுக்கு மாற்றச் சொன்னார்கள். "அசெம்பிளி ஒரு வரிகூட இல்லை, மறுபடி கம்பைல் பண்ணினா முடிஞ்சுது" என்று மீட்டிங்கில் வாயை விட்டது நான்தான். அசெம்பிளி என்றால் ஒரு ப்ராசஸருக்கே உரிய கட்டளைகளில் எழுதுவது; டிரைவர் முழுக்க சி.

கம்பைல் ஆனது, ஓடவும் செய்தது. அரைமணி, முக்கால்மணிக்கு ஒருமுறை மட்டும் ஒரு பஃபர் (கார்டு தரவைக் கொட்டும் மெமரித் துண்டு) காலியாக வரும். அதில் விழவேண்டிய தரவு போன சுற்றில் கொடுத்த பஃபரில் போய் உட்கார்ந்திருக்கும். எங்கே என்று பார்க்க பிரிண்ட்கே (லினக்ஸின் மையமான கர்னலில் லாக் எழுதும் வரி) போட்டால் பிழையே வராது. பக்கத்து சீட் தம்பி, "அண்ணே, லாக் போட்டா நல்லாத்தானே ஓடுது, அப்படியே ரிலீஸ் பண்ணிடலாமா?" என்றான். மூன்றாம் நாள் மாலை அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

லினக்ஸில் ப்ராசஸருக்கு உரியதையும் பொதுவானதையும் பிரிக்கும் கோடு எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஆர்ச் ஃபோல்டரைக் காட்டுவோம். ப்ராசஸருக்குத் தக்கபடி மாறுவது அதற்குள், மற்றதெல்லாம் வெளியே. நல்ல உதாரணம் ஷெட்யூலர். காத்திருக்கும் வேலைகளில் அடுத்து யார் ஓடுவது என்று முடிவெடுப்பது பொதுவான சி நிரல். ஆளை மாற்றும் அந்தக் கடைசிக் கணம் மட்டும் அசெம்பிளி. ஆர்ம்64ல் எக்ஸ்19 முதல் எக்ஸ்28 வரை, கூடவே ஃபிரேம் பாயின்டர், ஸ்டாக் பாயின்டர், லிங்க் ரெஜிஸ்டர் என்று பதின்மூன்று ரெஜிஸ்டரை (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்) சேமிக்கிறது. 64 பிட் எக்ஸ்86ல் ஆறு ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் தள்ளிவிட்டு ஸ்டாக்கையே மாற்றிவிடுகிறார்கள். ஷெட்யூலருக்கு இந்த எண்ணிக்கையெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆரம்பத்தில் இப்படியில்லை. 1991 ஆகஸ்ட் அறிவிப்பிலேயே லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் இது இன்டெலின் 386 ப்ராசஸரை நம்பி எழுதியது, வேறு மெஷினுக்குப் போகாது என்று சொல்லிவிட்டார். ஆல்ஃபா என்ற வேறொரு ப்ராசஸருக்குக் கொண்டுபோனபோதுதான் பிரிக்கவேண்டி வந்தது. 1995ல் வந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் எல்லாம் இருந்தன. 2013ல் 3.8 பதிப்பு அந்த 386க்கான ஆதரவையே கழற்றிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது பேஜ் டேபிள் விஷயம். நிரல் சொல்லும் முகவரி உண்மையான மெமரியில் எங்கே என்று காட்டும் அட்டவணை அது. பழைய 32 பிட் இன்டெலுக்கு இரண்டு அடுக்கு போதும். ஆனால் பொது நிரலை மூன்று அடுக்கு இருப்பதாகப் பாவித்து எழுதினார்கள். இரண்டே அடுக்குள்ள மெஷினில் நடு அடுக்கு கம்பைல் ஆகும்போதே மடிந்து காணாமல் போய்விடும். மூன்று பிறகு நாலாகி, 2017ல் ஐந்தாகிவிட்டது. எங்கும் இல்லாத ஒரு பெரிய மெஷினைக் கற்பனை செய்துகொண்டு எழுதுவது. இருப்பதை அதற்குள் மடித்துக்கொள்வது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக 'இந்த மெஷின் என்றால் மட்டும்' என்கிற இஃப்டெஃப் நிபந்தனை போட்டு நிரப்புவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

என் டிரைவருக்கு வருகிறேன். பஃபரைக் கார்டிடம் ஒப்படைக்கும் இடத்தில் மெமரியில் மூன்று விஷயம் எழுதப்படுகிறது: முகவரி, நீளம், கடைசியாக 'இனி உன்னுடையது' என்கிற கொடி. எக்ஸ்86 சாதாரண மெமரியில் எழுதியதை எழுதிய வரிசையிலேயே வெளியே காட்டும். ஆர்முக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கொடி முந்திக்கொண்டால் கார்டு பழைய முகவரியைப் படித்து அங்கேயே கொட்டிவிடும். பிரிண்ட்கே போட்டபோது அந்தத் தாமதத்தில் எல்லாம் தானாக வரிசைக்கு வந்திருந்தது.

கொடிக்கு முன்னால் டிஎம்ஏ_டபிள்யூஎம்பி என்று ஒரு வரி (முன்னால் எழுதியது வெளியே தெரிந்தபிறகே பின்னால் எழுதுவது தெரியவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது) சேர்த்தேன், தீர்ந்தது. ஆர்ம்64ல் அது ப்ராசஸருக்கே போகும் டிஎம்பி கட்டளையாக மாறும். எக்ஸ்86ல் கம்பைலர் வரிசையை மாற்றுவதை மட்டும் தடுக்கும், ப்ராசஸருக்கு ஒன்றும் போகாது. அதனால்தான் நாலு வருஷம் அது இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. அசெம்பிளி இல்லை என்று நான் பீற்றிக்கொண்ட நிரல் முழுக்க எக்ஸ்86 நிரல்தான். சி வேஷம் போட்டிருந்தது, அவ்வளவே.

அந்தச் சூட்டிலேயே மிச்சத்தையும் கிளறினேன். மைனஸ் ஒன்றை வெறும் சேர் (char, சி மொழியில் ஒரு பைட் அளவு) வகையில் வைத்துப் பிழை பார்க்கும் ஓர் இடம் சிக்கியது. ஆர்மில் சேர் வகைக்கு மைனஸ் குறி கிடையாது, ஆகவே அந்தச் சோதனை ஒருபோதும் உண்மையாகாது. 6.2 பதிப்பிலிருந்து கர்னலே எல்லா மெஷினிலும் சேரைக் குறியில்லாததாக ஆக்கிவிட்டது. எங்கள் கர்னல் அதைவிடப் பழசு.

அடுத்து 4096. எக்ஸ்86ல் பேஜ், அதாவது கர்னல் மெமரியைப் பிரித்துக்கொள்ளும் துண்டு, 4096 பைட். ஆர்ம்64ல் பேஜ் அளவை 64 கேபி என்றும் வைத்துக் கட்டலாம், எங்கள் போர்டு அப்படித்தான். டிரைவரில் தேடினால் ஏழு இடத்தில் 4096 வந்தது. சிலது பேஜ் அளவு, மாற்றியாகவேண்டும். சிலது கார்டுக்குள் இருக்கும் ஃபிஃபோ என்ற வரிசைச் சேமிப்பின் அளவு, தொடவே கூடாது. எது எது என்று ஒரு இடத்திலும் நான் கமென்ட் எழுதி வைக்கவில்லை. கார்டின் டேட்டாஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தம்பியும் நானும் இப்போது நாலாவது இடத்தில் இருக்கிறோம்.