ஆமையைப் படகில் ஏற்றினால் வழக்கா? திருகோணமலைக் கரையில் கூட்டு வேலை

கடலாமைகளைக் காக்க நாலைந்து நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்தால் முதலில் எழுதப்படுவது புரிந்துணர்வு உடன்படிக்கை. நோக்கம், காலம், நிதி, யாருடைய இலச்சினை எங்கே வரவேண்டும் என்பது வரை அதில் இருக்கும். வலையில் ஆமை சிக்கிய படகு விடியற்காலையில் திருகோணமலை மாவட்டத்து இறக்கக்கண்டியில் கரை தட்டும்போது யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் பெரும்பாலும் இராது. கூட்டு வேலை அங்கேதான் தளர்கிறது.

இந்தக் கரையில் அதிகாரம் பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. ஆமை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவும் அப்படியே. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனமானது. படகும் வலையும் கடற்றொழில் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. கடல் மாசு இன்னொரு அதிகார சபைக்கு உரியது. ஆனால் ஆமையை முதலில் காண்பவர் இவர்களில் எவரும் அல்லர். அவர் குச்சவெளியிலோ சல்லியிலோ வலை இழுக்கிறவர்.

அவருக்கு இருக்கும் பயத்தை எந்த உடன்படிக்கையும் தொடுவதில்லை. கடலாமையை, அதன் இறைச்சியை, முட்டையை, ஓட்டை வைத்திருப்பது தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டம் சரியானதே. ஆனால் மயங்கிக் கிடக்கும் ஆமையைப் படகில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தால் தன்மேல் வழக்கு விழும் என்று நினைப்பவர் அதை உடனே கடலில் தள்ளிவிடுவார். அது மூழ்கிச் சாகும். ஆகவே ஒரு கூட்டணி முதலில் பெறவேண்டியது, சிக்கிய ஆமையை மீட்கும் மீனவர் என்ன செய்யலாம், யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று திணைக்களம் தரும் எழுத்துமூல அறிவுறுத்தல். அரைப்பக்கம் போதும். அது கூட்டுறவுச் சங்கத்தின் அலுமாரிக்குள் இருந்து பயனில்லை. மீனவர்கள் தங்கும் ஒவ்வொரு வாடியின் சுவரிலும் ஒட்டப்படவேண்டும். தமிழில் மட்டும் ஒட்டினாலும் போதாது. கிழக்குக் கடல் அமைதியாகும் மாதங்களில் மேற்குக் கரையிலிருந்து சிங்களம் பேசும் மீனவர்களும் இங்கே வந்து தொழில் செய்கிறார்கள்.

மீட்கும் முறையும் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரிச் சொல்லவேண்டிய ஒன்று. ஒருவர் உடனே கடலில் விடுங்கள் என்றும் இன்னொருவர் தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள் என்றும் சொன்னால் மீனவர் இருவரையும் நம்பமாட்டார். அசைவில்லாத ஆமை செத்ததென்று முடிவு கட்டக்கூடாது. நீரில் அடக்கிய மூச்சு தீர்ந்து மயங்கியிருக்கலாம். வயிற்றுப்பக்கம் கீழே இருக்க வைத்து, பின்பகுதியை 15 சென்ரிமீற்றராவது உயர்த்தினால் நுரையீரலில் ஏறிய நீர் வடியும். நிழலில் வைத்து, ஈரத்துணியால் ஓட்டையும் துடுப்புகளையும் மூடவேண்டும், மூக்கை மூடக்கூடாது. இடையிடையே கண் ஓரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். தெளிய 24 மணித்தியாலம் வரைகூட எடுக்கும். தெளியுமுன் தொட்டியில் போட்டால் தலை நீருக்குள் போய்விடும். வாயிலிருந்தோ பின்துளையிலிருந்தோ தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) தொங்கினால் இழுக்கவே கூடாது. மறுமுனை குடலில் சிக்கியிருந்தால் இழுப்பில் குடலே அறுந்துவிடும். வெளியே கொஞ்சம் நீளம் விட்டு வெட்டி, மிருக வைத்தியரிடம் ஒப்படைப்பதே சரி. கடலில் விடும்போது இயந்திரம் நியூட்ரலில் இருக்கவேண்டும்.

பணத்தின் நாட்காட்டி வேறு, கடலின் நாட்காட்டி வேறு. புறாத்தீவுப் பக்கம் சுழியோடி வேலை செய்ய ஏற்ற காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. ஆண்டு முடியுமுன் செலவழிக்கவேண்டும் என்று நிதி ஒக்டோபரில் வந்து சேர்ந்தால், வாடைக் கடலில் படகு இறக்க முடியாது. பணம் பயிற்சிப் பட்டறைக்கும் பதாகைக்கும் போய்விடும். நிதி தருபவரிடம் இதை ஒப்பமிடுமுன் பேசிவிடவேண்டும்.

பவளத்தில் சிக்கிய கைவிடப்பட்ட வலைகளை எடுப்பதுதான் பல அமைப்புகள் விரும்பிச் சேரும் வேலை. படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் கவனமின்றிச் செய்தால் வலையைவிட அதிகச் சேதம் இதனால்தான் வரும். கிளைப்பவளத்தில் மாட்டிய வலையைப் படகில் கட்டி இழுத்தால் கிளைகள் முறிந்து கூடவே வரும். சிறு துண்டுகளாக வெட்டி, வலைப்பையில் போட்டு, காற்று நிரப்பும் தூக்குப் பையால் மேலே அனுப்பவேண்டும். சுழியோடி தன் மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றி வலையைத் தூக்குவது ஆபத்து. வலை கை நழுவினால் அவர் விருட்டென்று மேலே போய்விடுவார். பவளம் மேலே வளர்ந்து மூடிவிட்ட வலையைத் தொடாமல் விடுவதே நல்லது. பூங்கா எல்லைக்குள் இவையெல்லாம் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடுதான். எடுத்த வலையை ஈரத்தோடு நிறுப்பதா காயவைத்தா என்பதை முன்கூட்டியே தீர்க்காவிட்டால் இரண்டு அமைப்புகளின் அறிக்கைகளை ஒப்பிடவே முடியாது. கரையில் குவித்து வைத்தாலும் அடுத்த பெரிய அலையில் அதே வலை கடலுக்குத் திரும்பும். ஏற்றிச் செல்லும் வாகனம் யாருடையது என்பதும் திட்டத்தில் இருக்கவேண்டும்.

கடைசியாகப் படிவம். திகதி, இடம், ஆழம், ஓட்டின் மேல் வளைவில் நாடாவைப் பிடித்து அளந்த நீளம், தலையின் இரு பக்கமும் எடுத்த படம் — இவற்றை மீனவர்கள் தயங்காமல் தருவார்கள். முகச் செதில்களின் அமைப்பு ஆமைக்கு ஆமை வேறுபடுவதால், அதே ஆமை திரும்பி வந்தால் படத்தை வைத்தே அடையாளம் காணலாம். தயக்கம் வருவது வலையின் வகையைக் கேட்கும்போது. தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. படிவம் கடற்றொழில் பரிசோதகரின் மேசைக்குப் போகும் என்று தெரிந்தால் எல்லாருமே ‘மிதந்து வந்தது’ என்று எழுதுவார்கள். எந்த வலையில், எந்த ஆழத்தில் ஆமை அதிகம் சிக்குகிறது என்ற கேள்விக்கு அதன்பிறகு விடையே கிடைக்காது. பெயரும் படகு இலக்கமும் இல்லாத படிவத்தைப் பல்கலைக்கழகமோ சங்கமோ வைத்திருந்து, தொகுத்த எண்ணிக்கையை மட்டும் திணைக்களங்களுக்குக் கொடுப்பது என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொண்டால் வலைக்கண் அளவைக்கூடச் சரியாகச் சொல்வார்கள்.