டென்ட் ஸ்டேஷன் மாடல்: கூரை விளிம்பிலேயே போன மூன்று வாரம்

இங்கிலாந்தின் செட்டில் – கார்லைல் பாதையில் மலைமேல் இருக்கும் டென்ட் ஸ்டேஷனை அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். அளவு 1:76. அங்கே ஓர் அடி என்றால் என் மேசையில் 4 மில்லிமீட்டர்.

சுவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. ஃபோம் போர்டின் (இரண்டு தாளுக்கு நடுவே மெத்தென்ற நுரை வைத்த அட்டை) மேல்தாளை உரித்துவிட்டு, மை தீர்ந்த பேனாவால் கல் வரிகளைக் கீறினேன். ஸ்கேல் வைத்துக் கீறியது செங்கல் மாதிரி இருந்தது. ஸ்கேலை எடுத்துவிட்டுக் கை போன போக்கில் கீறியதும் கல் கல்லாக வந்தது.

மிட்லண்ட் ரயில்வே இந்தப் பாதையில் பயணிகள் ரயில் விட்டது 1876-ல். டென்ட் திறந்தது அடுத்த வருஷம். ஸ்டேஷன்களை வடிவமைத்தவர் ஜான் ஹாலோவே சாண்டர்ஸ். ஊருக்கு ஒரு டிசைன் போடாமல், ஒரே வடிவத்தைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவில் வைத்துக்கொண்டார். டென்ட் சிறிய ரகம். பிளாட்பாரத்தைப் பார்த்து இரண்டு முக்கோண முகப்புகள், இடையில் உள்வாங்கிய வாசல்.

அந்த வாசலைத்தான் நான் தப்பாகச் செய்தேன். நம் ஊர்த் திண்ணை மாதிரி திறந்தே விட்டுவிட்டேன். பிறகு ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அங்கே மரச்சட்டம் போட்ட கண்ணாடித் தடுப்பு! யோசித்தால் அதுதானே சரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம்; இங்கிலாந்தின் பிரதான ரயில் பாதைகளில் இதைவிட உயரமான ஸ்டேஷன் கிடையாது. அந்தக் காற்றில் திறந்த வாசலில் யார் நிற்பார்கள்? பிரித்தெடுத்து, ஓஎச்பி ஷீட் என்கிற கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளில் சட்டம் வரைந்து ஒட்டினேன்.

அப்புறம் முகப்பின் மேலே கூரை விளிம்பில் சரிவாக வரும் மரப்பலகை. வரிசையாகத் துளை போட்ட பலகை அது. இந்தக் கட்டடத்தின் அழகே அதில்தான் இருக்கிறது என்பேன். அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு கெட்டியான கல்வீடுதான். அட்டையில் 0.6 மில்லிமீட்டர் துளை போட்டால் ஓரம் பிய்ந்து பஞ்சாகிறது. ஆறு பலகை வீணான பிறகு, அட்டையில் முதலில் சூப்பர் க்ளூவை ஊறவிட்டுக் காயவைத்தேன். துளையை முதலில் போட்டு, பலகையைக் கடைசியில் வெட்டினேன். சுத்தமாக வந்தது. எட்டுப் பலகைக்கு மூன்று வாரம்.

இப்போது பனித்தடுப்பு வேலி. ஸ்டேஷனுக்குப் பின்னால் சரிவில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு வைத்திருப்பார்கள், பனி பாதையில் சரியாமல் இருக்க. அதற்குத் தீக்குச்சி. நேற்று முப்பது நட்டேன். எல்லாம் விறைப்பாக நிற்கின்றன; பசை இறுகுவதற்குள் சிலதைச் சாய்த்துவிட்டிருக்க வேண்டும்.